க்ரீம் பாட்டிலின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது?

சருமத்துக்குப் பூசும் எதை வாங்கும்போதும் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை எழுதுவது விற்பனைப் பிரிவு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வரிசையாக இருப்பவைதான் நாங்கள் தராசில் நிறுத்து உள்ளே போட்டவை. க்ரீம், லோஷன், சீரம் வகைகளுக்குக் கலவை உருவாக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான், அதனால்தான் ‘நாங்கள்’ என்கிறேன்.

என் அக்கா மகள் முதல் கூடப் படித்த தோழிகள் வரை, அந்தப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பி, “இது நல்லதா?” என்று கேட்பார்கள். கிளைகாலிக் ஆசிட் நல்லதா, கிளிசரின் நல்லதா என்று தனித்தனியாகக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அந்தப் பொருள் அந்தப் பாட்டிலுக்குள் என்ன வேலைக்காக வந்திருக்கிறது, அந்த வேலையைச் செய்யும் அளவுக்கு இருக்கிறதா என்று கேட்டால் பதில் வந்துவிடும். அதை நீங்களே கேட்டுப் பார்க்கத் தேவையானதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோலைப் பற்றிக் கொஞ்சம். முகத்தைத் தொடும்போது நம் விரலில் படுவது உயிரில்லாத, தட்டையான செல்கள். சுமார் 15 முதல் 20 அடுக்குகளாக அவை ஒன்றன்மேல் ஒன்று இருக்கின்றன. தோல் மருத்துவர்கள் இதைச் செங்கல் சுவர் என்று சொல்வார்கள்: செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் சிமெண்ட். அந்தக் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். செல்லுக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள்களும் உண்டு: அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டேட் போன்றவை. கீழே பிறக்கும் செல் மெதுவாக மேலே வந்து உதிர்ந்துபோக இளம் வயதில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வயது கூடக்கூட இன்னும் தாமதமாகும்.

பாட்டிலில் இருக்கும் முக்கியப் பொருள்கள் எல்லாம் இந்தச் சுவரில் நான்கில் ஒரு வேலையைச் செய்பவை. செல்களுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்தும். தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். இடைவெளியை நிரப்பி மிருதுவாக்கும். மேலே மூடி, தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கும். முதல் வேலை உரிக்கும் வேலை. மற்ற மூன்றும் ஈரம் காக்கும் வேலை.

பட்டியலின் வரிசை

அதிக எடையில் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால் என்ற வரிசையில்தான் பொருள்களை எழுத வேண்டும். இது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டம். இதில் ஒரு விலக்கு உண்டு. 1 சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை விரும்பிய வரிசையில் எழுதிக்கொள்ளலாம். அதனால்தான் துளியளவே இருக்கும் பூவின் சாறு, பட்டியலின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும்.

சரி, 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பினாக்ஸிஎத்தனாலைத் தேடுவேன். இது கலவையில் கிருமி வளராமல் தடுக்க மிகப் பரவலாகப் பயன்படும் பாதுகாப்புப் பொருள். ஐரோப்பிய விதிப்படி இதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. பட்டியலில் அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதாலேயே ஒரு பொருள் வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். செராமைடும் ஹையலூரோனிக் ஆசிடும் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுபவை, அவை அங்கேதான் இருக்கும். ஆனால் லாக்டிக் ஆசிடோ சிட்ரிக் ஆசிடோ பினாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வந்தால், அது உங்கள் தோலை உரிக்க வந்ததல்ல. கலவையின் பிஎச் மதிப்பை, அதாவது அமிலத்தன்மையின் அளவை (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்), சரிசெய்ய நாங்கள் கடைசியில் சில துளிகள் விட்டது. அதை நம்பி “ஆசிட் க்ரீம்” என்று வாங்கினாலும் ஏமாற்றம், அதைப் பார்த்துப் பயந்து நல்ல க்ரீமை வேண்டாம் என்று வைத்தாலும் இழப்பு.

உரிக்கும் பொருள்கள்

இவற்றில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்கள். கிளைகாலிக், லாக்டிக், மாண்டெலிக் என்ற மூன்றைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள். 1974இல் யூஜீன் வான் ஸ்காட், ரூயி யூ என்ற இருவர், தோல் தடித்துச் செதில் செதிலாகும் இக்தியோசிஸ் என்ற நிலைக்கு இந்த அமிலங்கள் பலன் தருவதை எழுதி வெளியிட்டார்கள். நோய்க்கு உதவிய அந்த ஆய்வுதான் பிற்பாடு அழகுப் பொருள்களுக்கும் வழி திறந்தது.

மூன்றுக்கும் வேலை ஒன்றே, வேகம்தான் வேறு. கிளைகாலிக் ஆசிடின் மூலக்கூறு எடை 76. லாக்டிக் 90. மாண்டெலிக் 152. சிறியது வேகமாக உள்ளே போகும், அதனால் எரிச்சலும் அதுதான் அதிகம் தரும். பெரியது மெதுவாகப் போகும். முதல் முறையாக ஆசிட் பயன்படுத்தப் போகிறவர் கேட்டால் நான் லாக்டிக் அல்லது மாண்டெலிக்கைத்தான் சொல்வேன். லாக்டிக்கில் கூடுதலாக ஒரு நன்மை: அதன் உப்பான லாக்டேட் நம் தோலிலேயே இயல்பாக இருந்து ஈரம் பிடிப்பது.

இப்போது முன்பக்கத்துச் சதவீதத்துக்கு வருவோம். “10 சதவீதம் கிளைகாலிக் ஆசிட்” என்பது பாதிச் செய்திதான், மீதிப் பாதி பிஎச். அமிலம் கரைசலில் இரண்டு வடிவங்களில் இருக்கும். கட்டற்ற அமிலமாக இருக்கும் பகுதிதான் தோலுக்குள் எளிதாகப் புகுந்து பிடிப்பைத் தளர்த்தும். உப்பாக மாறிய பகுதி அவ்வளவாகச் செய்யாது. கிளைகாலிக் ஆசிடில் பிஎச் 3.8 இருக்கும்போது பாதி கட்டற்ற அமிலம். பிஎச் 4.8 ஆனால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 5.5 ஆனால் ஏறக்குறைய 2 சதவீதம் மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிஎச் 5.5இல் இருக்கும் 10 சதவீதக் கலவையில் வேலை செய்யும் அமிலம் 0.2 சதவீதம். பிஎச் 3.8இல் இருக்கும் 5 சதவீதக் கலவையில் 2.5 சதவீதம். எண் பாதியாக இருக்கும் பாட்டில் பன்னிரண்டு மடங்கு வலுவானது!

பிஎச் மதிப்பைப் பெரும்பாலும் பாட்டிலில் போட மாட்டார்கள். நிறுவனத்திடம் கேளுங்கள், பதில் சொல்பவர்களிடம் வாங்குங்கள். இது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் அழகுப் பொருள்களின் பாதுகாப்பை ஆராயும் நிபுணர் குழு 1998இல் ஓர் எல்லை சொன்னது: வீட்டில் பயன்படுத்தும் பொருளில் இந்த அமிலங்கள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச் 3.5க்குக் கீழே போகக் கூடாது, வெயிலிலிருந்து பாதுகாத்துக்கொள்ளவும் சொல்ல வேண்டும். பட்டியலின் கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. பிஎச்சை இந்த எல்லைக்குள் தூக்கி நிறுத்துவதற்காகவே அதைச் சேர்க்கிறோம். அமிலத்தோடு சேர்ந்ததும் அது உப்பாகிவிடும். அதைக் கண்டு பயம் வேண்டாம்.

வெயில் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்களைப் பூசும் நாள்களில் தோல் வெயிலில் எளிதாகச் சிவந்து காந்தும். நிறுத்தி ஒரு வாரம் வரைக்கும் கவனம் வேண்டும் என்ற எச்சரிக்கையைப் பாட்டிலில் போடும்படி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் சொல்லியிருக்கிறது. ஆசிடை இரவில் பூசுங்கள், காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் போடுங்கள். சன்ஸ்க்ரீன் பிடிக்காது என்பவர்களிடம் நான் ஆசிடே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பீட்டா ஹைட்ராக்ஸி என்று விற்கப்படுவது சாலிசிலிக் ஆசிட். ஆல்ஃபா வகை தண்ணீரில் கரையும். இது எண்ணெயோடு சேரும். அதனால் எண்ணெய் நிறைந்த துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைக் கரைக்கும். கரும்புள்ளி, பரு, எண்ணெய் வழியும் மூக்கு என்றால் இதைத்தான் தேட வேண்டும். கடையில் கிடைப்பவை பொதுவாக 0.5 முதல் 2 சதவீதம். முகம் கழுவும் ஜெல்லில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும், அதனால் மென்மை. பூசி விட்டுவிடும் சீரத்தில் இருந்தால் வலிமை அதிகம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வில்லோ மரப்பட்டைச் சாறு என்று பட்டியலில் இருந்தால் அதைச் சாலிசிலிக் ஆசிடுக்குச் சமமாக எண்ணிவிடாதீர்கள். பழச்சாறு, கரும்புச் சாறு என்று எழுதி ஆசிட் இருப்பதுபோல் காட்டுவதும் இதே மாதிரிதான். அவற்றில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பட்டியல் சொல்லாது.

மூன்றாவது குடும்பம் பாலி ஹைட்ராக்ஸி: குளுக்கோனோலாக்டோன், லாக்டோபயோனிக் ஆசிட். பெரிய மூலக்கூறுகள், மெதுவானவை, தண்ணீரையும் பிடித்து வைப்பவை. எதைப் பூசினாலும் சிவக்கும் தோலுக்கு என் முதல் தேர்வு இவைதான். இவற்றுக்கு இன்னும் நிறையப் பேர் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பப்பாளியிலிருந்து வரும் பப்பெய்ன், அன்னாசியிலிருந்து வரும் புரோமெலெய்ன் ஆகியவை என்சைம்கள். செல்லின் புரதத்தை மெல்ல அரிப்பவை. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பப்பெய்னில் கவனமாக இருக்க வேண்டும். தேய்த்து எடுக்கும் ஸ்க்ரப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொட்டை ஓட்டுத் தூளின் துகள்கள் ஒழுங்கற்ற முனையோடு இருப்பவை, முகத்துக்கு வேண்டாம். பட்டியலில் பாலிஎத்திலீன் என்று இருந்தால் அந்த மணிகள் பிளாஸ்டிக். கழுவிவிடும் பொருள்களில் அவற்றைத் தடை செய்ய அமெரிக்கா 2015இலேயே சட்டம் கொண்டுவந்தது.

யூரியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. 10 சதவீதத்துக்குக் கீழே தண்ணீரைப் பிடிக்கும். 20 சதவீதமும் அதற்கு மேலும் போனால் தடித்த தோலை மென்மையாக்கி உரிக்கும். ஒரே பெயர் இருக்கும் இரண்டு குழாய்களில் ஒன்று முகத்துக்கு, இன்னொன்று வெடித்த குதிகாலுக்கு. எண்ணைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள்.

ஈரம் காக்கும் பொருள்கள்

தண்ணீரை இழுக்கும் பொருள்களில் கிளிசரினுக்கு இணையாக ஒன்றை நான் இதுவரை நிறுத்ததில்லை. 1779இல் கார்ல் ஷீலே கண்டறிந்தது. விலை குறைவு, ஒவ்வாமை அரிது, நம் தோலில் கிளிசரினைக் கடத்துவதற்கென்றே அக்குவாபோரின் 3 என்ற வழி இருக்கிறது. பட்டியலில் தண்ணீருக்கு அடுத்தபடியாக கிளிசரின் இருந்தால் அந்த லோஷனை எடைபோட எனக்கு அதுவே நல்ல தொடக்கம். அளவு கூடினால் பிசுபிசுக்கும், அது ஒன்றுதான் குறை.

ஹையலூரோனிக் ஆசிடின் புகழ் அதைவிடப் பெரிது. பெயரில் ஆசிட் இருந்தாலும் உரிக்காது. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். பட்டியலில் அநேகமாகச் சோடியம் ஹையலூரோனேட் என்று இருக்கும். அதன் பொடியைத் தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டிவிடும். கலக்கிக்கொண்டே தூவி, ஊற விட்டு, பொறுமையாகக் கரைக்க வேண்டும். பெரிய மூலக்கூறு வகையில் 1 சதவீதம் போட்டாலே கரண்டியிலிருந்து நூலாக இழுபடும் ஜெல் கிடைக்கும். அப்படியிருக்க, தண்ணீராக ஓடும் சீரத்தில் 75 சதவீதம் என்று போட்டிருந்தால் அது பொடியின் அளவாக இருக்கவே முடியாது. ஏற்கெனவே தண்ணீரில் கரைத்து வைத்த கரைசலின் அளவு. பொருள் நல்ல பொருள்தான், எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன்.

சோடியம் பிசிஏ, பீட்டைன், ட்ரெஹலோஸ், புரொப்பேன்டையால், பியூட்டிலீன் கிளைகால் எல்லாம் இதே வேலைக்காரர்கள். பாந்தெனால் ஈரத்தோடு எரிச்சலையும் தணிக்கும். இவை தனியாக இருந்தால் போதாது. காற்று வறண்டிருக்கும் அறையில் தண்ணீரை இழுக்கும் சீரத்தை மட்டும் பூசிவிட்டு உட்கார்ந்தால், சற்று நேரத்தில் முகம் இறுகும். கழுவிய ஈரம் காய்வதற்குள் பூசி, அப்புறம் மேலே ஒரு க்ரீம் போடுங்கள்.

அந்தக் க்ரீமில் நிரப்பும் பொருள்களும் மூடும் பொருள்களும் இருக்க வேண்டும். ஸ்குவாலேன், ஷியா வெண்ணெய், காப்ரிலிக் காப்ரிக் ட்ரைகிளிசரைடு ஆகியவை நிரப்பி வழவழப்பாக்கும். செட்டைல் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் என்று பார்த்ததும் “ஆல்கஹால் இருக்கிறதே” என்று வைத்துவிடுகிறார்கள். இவை மெழுகு போன்ற கொழுப்புகள், தோலை வறட்டுபவை அல்ல. சட்டென ஆவியாகி வறட்டுவது டினேச்சர்ட் ஆல்கஹால். அது பட்டியலில் முதல் சில இடங்களில் வந்தால் வறண்ட தோல்காரர்கள் தவிர்த்துவிடலாம்.

மூடுவதில் பெட்ரோலேட்டத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. அது ஈரத்தைத் தராது; இருப்பதைப் போகவிடாமல் வைக்கும். கனமாக இருக்கிறது என்பவர்களுக்கு டைமெத்திகோன் இலகுவான மாற்று. செராமைடு சேர்த்த க்ரீமில் என்பி, ஏபி, இஓபி என்ற எழுத்துகளோடு செராமைடின் பெயர் வரும். கூடவே கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன சிமெண்டில் மூன்றும் சேர்ந்துதான் இருக்கின்றன. நியாசினமைடு, அதாவது பி3 வைட்டமினின் ஒரு வடிவம், தோல் தானே இந்தக் கொழுப்பை அதிகம் செய்ய உதவுகிறது. 2 முதல் 5 சதவீதம் போதுமானது. அதற்கு மேல் போனால் சிலருக்கு முகம் சிவக்கும்.

வாசனையும் பாதுகாப்புப் பொருளும்

பர்ஃப்யூம், லிமோனீன், லினாலூல் எல்லாம் மணத்துக்காக வந்தவை. ஆசிட் பூசும் தோலில் இவை தேவையே இல்லை. பாதுகாப்புப் பொருள் அப்படியல்ல. தண்ணீர் இருக்கும் எந்தக் கலவையிலும் கிருமி வளரும். பாதுகாப்புப் பொருளே இல்லை என்று பெருமை பேசும் நீர்க் க்ரீமை நான் வாங்க மாட்டேன். நான் தவிர்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: மெத்தில்ஐசோதயசோலினோன். ஏராளமானோருக்கு ஒவ்வாமை தந்ததால், பூசி விட்டுவிடும் பொருள்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பா 2017 முதல் தடுத்துவிட்டது.

எப்படித் தொடங்குவது

புதிய பாட்டிலை நேராக முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முன்கையின் உள்பக்கத்தில் சின்ன இடத்தில் ஒரு வாரம் தொடர்ந்து பூசிப் பாருங்கள். ஒவ்வாமை முதல் நாளே காட்டும் என்பதில்லை, நாலைந்து நாள் கழித்தும் தடிப்பு வரும்.

ஒன்றுமில்லை என்றால் முகத்துக்கு வரலாம். உரிக்கும் பொருள் ஒன்றே ஒன்று போதும், வாரத்தில் இரண்டு இரவு, நன்றாகத் துடைத்த முகத்தில். நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். அந்த இரவுகளில் ரெட்டினாய்டு (ரெட்டினால் போன்ற வைட்டமின் ஏ வகைப் பொருள்) வேண்டாம். பூசியதும் லேசான குறுகுறுப்பு இருந்து அடங்கினால் சரி. காந்தல் கூடிக்கொண்டே போனால் உடனே கழுவிவிடுங்கள். ஷேவிங், வேக்ஸிங் செய்த அன்றைக்கும், புண் உள்ள இடத்திலும் ஆசிட் கூடாது. ஒரு மாதம் இப்படியே போகட்டும். பாட்டிலில் ‘தினமும்’ என்று எழுதியிருந்தாலும் உங்கள் தோல் கேட்காத வரை எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை.

அளவு மீறினால் தோல் காட்டிக்கொடுக்கும். முகம் இறுகிப் பளபளக்கும், அதைப் பொலிவு என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். தொட்டால் வழுக்கும், வழக்கமான க்ரீம்கூட எரியும். இந்த நிலையில் ஆசிட், ஸ்க்ரப், ரெட்டினாய்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மென்மையான க்ளென்சர், செராமைடோ பெட்ரோலேட்டமோ உள்ள க்ரீம், பகலில் சன்ஸ்க்ரீன் என்று மூன்றோடு சில வாரங்கள் இருங்கள். கருமை நிறத் தோல் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். நம் தோலில் எரிச்சல் ஆறிய இடத்தில் கருந்திட்டு தங்கிவிடும், அது மறைய மாதக்கணக்கில் ஆகும். திட்டைப் போக்க ஆசிட் பூசி, அந்த ஆசிடாலேயே புதுத் திட்டு வந்து நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. வேகத்தைக் குறைத்திருந்தாலே தவிர்த்திருக்கலாம். கர்ப்பிணிகளும், எக்ஸிமா, ரோசேசியா உள்ளவர்களும் தோல் மருத்துவரிடம் பட்டியலைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக, பாட்டிலின் அடியில் திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்ற எண்ணோடு ‘எம்’ எழுத்து இருக்கும். திறந்த பின் அத்தனை மாதம்தான் அது நல்ல நிலையில் இருக்கும் என்று பொருள். திறக்கும் அன்றே தேதியை பாட்டிலில் பேனாவால் எழுதிவிடுங்கள். நிறமோ வாசனையோ மாறியிருந்தால் அந்த மாதக் கணக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டாம், எடுத்துப் போட்டுவிடுங்கள்.